மனந்திரும்புதல்

'திரும்பு' என்பது தமிழில் மிக எளிய வினைச்சொற்களுள் ஒன்று. பாதை திரும்பும், வண்டி திரும்பும், மேயப்போன மாடு பொழுது சாயும்போது தொழுவத்துக்குத் திரும்பும், பிழைப்புத் தேடிக் கொழும்புக்கோ ரங்கூனுக்கோ போனவன், கையில் காசு சேர்ந்தோ சேராமலோ, ஒரு நாள் ஊர் திரும்புவான். இவ்வளவு சாமானியமான இந்த வினையோடு 'மனம்' என்னும் பெயரைச் சேர்த்து, 'மனந்திரும்புதல்' என்று ஒரு கூட்டுச்சொல்லாக்கி, அதனைத் தங்கள் சமய வாழ்வின் தலைவாயிலில் நிறுத்திக்கொண்டவர்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். கோயிற் பிரசங்கத்திலும், ஞாயிறு பள்ளிக்கூடத்து வினாவிடையிலும், திருநெல்வேலிச் சீமையின் சாலையோரப் பாறைகளில் சுண்ணாம்பால் எழுதிவைக்கும் வாசகங்களிலும் இச்சொல் வழங்குகிறது. கடைவீதியிலும் கச்சேரியிலும் ஏறக்குறைய வழங்குவதே இல்லை. ஒரு சமூகத்தாரின் வழக்குக்குள்ளேயே தங்கிவிட்ட சொல்லின் சரித்திரம் சிறிய விஷயம் என்று தோன்றலாம். ஆயினும் இதன் பின்னே எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் ஜெர்மனும் போர்த்துக்கேசியமும் நிற்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் இச்சொல் குறிக்கும் காரியத்தை ஒவ்வொரு பக்கமாக இழுத்திருக்கிறது.

இந்தக் காரியத்துக்குத் தமிழில் முன்னமே சொல் இல்லாமலில்லை. 'கழுவாய்' என்பது சங்கச் செய்யுளில் உள்ளது. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில், பெரும் பாதகங்களுக்கும் நிவிர்த்தி உண்டு என்னும் இடத்தில் ஆலத்தூர் கிழார் அதை ஆள்கிறார். வடமொழி வழியே வந்த 'பிராயச்சித்தம்' அதே பொருளில் ஊரெங்கும் பரவிய சொல். இவ்விரண்டும், செய்த பிழைக்கு ஈடாகச் செய்யும் செயலைக் குறிப்பவை. இனி, செயலுக்கு முந்திய உள்ளத்து வேதனையைக் குறிக்கக் 'கழிவிரக்கம்' என்று ஒரு நல்ல தமிழ்ச்சொல் உண்டு. கழிந்ததற்கு இரங்குவது என்பது அதன் பொருள். 'பச்சாத்தாபம்', 'மனஸ்தாபம்' என்னும் வடசொற்கள் இரண்டிலும் 'தாபம்', அதாவது வெப்பம், இருக்கிறது. முன்னது பின்னால் எழும் எரிச்சல், பின்னது மனத்தின் எரிச்சல். ஆகவே பிழை செய்தவன் எரிவதற்கும் இரங்குவதற்கும் ஈடு கட்டுவதற்கும் நம்மிடம் சொற்கள் தாராளமாக இருந்தன. அவன் எந்தத் திசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தானோ அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி, வந்த வழியே நடக்கத் தொடங்குவதற்குத்தான் தனிச்சொல் ஒன்று இல்லை.

இரங்குவதும் திரும்புவதும் வெவ்வேறு என்பதைத் தமிழ்ச் சான்றோர் அறியாதவரல்லர். வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பின்னால் 'என்ன செய்துவிட்டோம்' என்று இரங்கத்தக்க வினைகளைச் செய்யவேண்டாம் என்று வள்ளுவர் சொல்லி, ஒருகால் செய்துவிட்டால் என்ன என்பதற்கும் விடை சொல்கிறார். அந்தப் பிற்பகுதிக்குப் பரிமேலழகர், செய்துவிட்டவன் பின்னர் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிராமை நன்று என்று பொருள் கொள்ள, வேறு உரைகாரரோ மறுபடியும் அத்தகைய வினையைச் செய்யாமை நன்று என்று கொண்டனர். எது வள்ளுவர் கருத்து என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் இந்த இரண்டு உரைகளுக்கும் நடுவிலேதான் மனந்திரும்புதல் என்னும் சொல்லின் சரித்திரம் முழுவதும் நடந்திருக்கிறது.

கிரேக்க மொழியில் இதற்கு 'மெத்தனோயா' என்று பெயர். 'பின்' என்றும் 'மாற்றம்' என்றும் பொருள்படும் முன்னொட்டும், மனம் அல்லது அறிவு என்னும் பெயரும் சேர்ந்து ஆனது. புதிய ஏற்பாட்டுக்குச் சுமார் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே துசிடிடீஸ் என்னும் சரித்திராசிரியர் இச்சொல்லை ஆண்ட இடம் ஒன்று உண்டு. அகராதிகளின் விளக்கங்களைக் காட்டிலும் அது தெளிவானது. கி.மு. 427-இல், ஏதென்ஸ் நகரத்துக்கு எதிராகக் கலகம் செய்து தோற்ற மித்திலீனி நகரத்தின் ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றுவிடுவதென்று ஏதென்ஸ் மக்கள் கோபாவேசத்தில் தீர்மானித்து, அந்தக் கட்டளையோடு ஒரு போர்க்கப்பலையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் அவர்களுக்கு ஒரு 'மெத்தனோயா' உண்டாயிற்று என்கிறார் துசிடிடீஸ். சபை மறுபடியும் கூடிற்று. கிளியோன் பழைய தீர்மானத்துக்காகப் பேசினான்; டயோடோட்டஸ் அதற்கு எதிராகப் பேசினான்; சொற்ப வித்தியாசத்தில் பழைய தீர்மானம் ரத்தாயிற்று. ஆனால் முதற் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போய்விட்டதே! இரண்டாம் கப்பலை ஏவினார்கள். துடுப்பு வலிக்கிறவர்கள் வாற்கோதுமை மாவைத் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் பிசைந்து வலித்துக்கொண்டே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள், எதிர்க்காற்றும் இல்லை. முதற் கப்பலில் போனவர்களோ, அருவருப்பான அந்தக் காரியத்துக்காக அவசரப்படவில்லை. படைத்தலைவன் கட்டளையைப் படித்து முடித்து, நிறைவேற்றப் புகும் சமயத்தில் இரண்டாம் கப்பல் துறையில் சேர்ந்தது. ஏதென்ஸ் மக்கள் அழுதார்கள் என்று துசிடிடீஸ் எழுதவில்லை. சாம்பலில் உட்கார்ந்தார்கள் என்றும் இல்லை. பின்புத்தி முன்புத்தியைத் துரத்திப் பிடிப்பதற்காகத் துடுப்பு வலித்தது, அவ்வளவே. சமயச்சொல் ஆவதற்கு முன்பே 'மெத்தனோயா' என்பதில் இந்தத் துடுப்பும் வியர்வையும் இருந்தன என்பதை, அதை வெறும் எண்ண மாற்றம் என்று விளக்கிவிட்டுப் போகும் வியாக்கியானிகள் மறந்துவிடுகிறார்கள்.

கிரேக்கர் மனத்தைச் சொன்னார்கள். எபிரேயர் காலைச் சொன்னார்கள். 'ஷூப்' என்பது எபிரேய வேதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வரும் வினை. போனவன் திரும்புவதற்கும், தண்ணீர் திரும்புவதற்கும், அடிமைப்பட்ட ஜனம் சிறையிருப்பிலிருந்து திரும்புவதற்கும் அதுவே சொல். தீர்க்கதரிசிகள் வேறொரு சாஸ்திரச் சொல்லைத் தேடிப் போகாமல், தெருவில் கிடந்த இந்தச் சொல்லையே எடுத்து, கடவுளை விட்டகன்ற மக்களை நோக்கிக் கூப்பிட்டார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. எரேமியா தன் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில், கடவுளை விட்டு விலகிப்போவதையும் அவரிடம் வந்து சேர்வதையும் இதே வேரிலிருந்து பிறந்த சொற்களாலேயே மாறிமாறிச் சொல்லி, கேட்பவன் காதில் அது ஒரே சொல்லின் இரண்டு முகமாக ஒலிக்கும்படி செய்கிறான். திரும்பிப் போவதும் திரும்பி வருவதும் ஒரே கழுத்தின் வேலை என்பது அவன் கண்டது. எபிரேயச் சமயத்தில் இதிலிருந்து 'தெஷுவா' என்னும் பெயர்ச்சொல் உண்டாகி, யூதர்களுடைய வருஷப்பிறப்பு முதல் பாவநிவிர்த்தி நாள் வரையுள்ள பத்து நாட்களுக்கு இன்றளவும் பெயராக நிற்கிறது. எபிரேயத்தின் உடன்பிறப்பாகிய அரமேயத்தில் 'ஷ' தகரமாக மாற, 'தூப்' ஆயிற்று. அரபு மொழியில் அதற்கு நேரான சொல்லைத்தான் நம் முஸ்லிம் சகோதரர்கள் 'தௌபா' என்கிறார்கள். காயல்பட்டினத்துப் பள்ளிவாசலில் சொல்லப்படும் தௌபாவும் நாசரேத்துக் கோயிலில் சொல்லப்படும் மனந்திரும்புதலும் ஒரு பாட்டி வயிற்றுப் பேத்திகள் என்பதை இரு திறத்தாரும் அறிந்திருப்பார்களோ என்னவோ.

அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், 'ஷூப்' என்பதைப் பெரும்பாலும் உடல் திரும்புதலைக் குறிக்கும் 'எப்பிஸ்திரெபோ' என்னும் வினையால் பெயர்த்து, வருந்துதலைக் குறிக்கும் வேறொரு எபிரேய வினையைப் பல இடங்களில் 'மெத்தனோயா'வின் வினையால் பெயர்த்தார்கள். இப்படி இரண்டு ஓடைகள் தனித்தனியே ஓடிவந்து, புதிய ஏற்பாட்டில் ஒன்றாயின. இயேசு பேசியது அரமேயம். கலிலேயாவில் அவர் பிரசங்கித்த முதற் சொல்லைச் சுவிசேஷகர்கள் கிரேக்கத்தில் 'மெத்தனோயா'வின் ஏவலாக எழுதிவைக்க, சிரிய மொழி வேதமாகிய பெஷீத்தா அதை மறுபடியும் 'தூப்' என்னும் வேருக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அந்தச் சொல்லே வராமல் அதன் பொருள் முழுவதும் வரும் கதை லூக்காவின் பதினைந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்மவர் கெட்ட குமாரன் கதை என்று சொல்லும் அந்த உவமையில், பன்றி மேய்க்கும் இளைஞனுக்கு முதலில் புத்தி தெளிகிறது. தெளிந்த பின் எழுந்து நடக்கிறான். தெளிவு கிரேக்கருடையது, நடை எபிரேயருடையது. நடையில்லாத தெளிவாக மட்டும் இருந்திருந்தால், தகப்பன் தூரத்திலே கண்டு ஓடிவருவதற்கு அவன் அந்த வழியில் வந்திருக்கவே மாட்டான்.

இலத்தீனுக்கு வந்தபோதுதான் சொல் தடம் மாறிற்று. மேற்றிசைச் சபையார் 'மெத்தனோயா'வுக்கு ஈடாகப் 'பெனித்தென்சியா' என்னும் சொல்லை அமர்த்திக்கொண்டார்கள். அது வருத்தம் என்று பொருள்படுவது. தண்டனையைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் சொல்லோடு ஒலியொப்புமை இருந்தமையால், நாளடைவில் அந்தச் சாயலும் ஏறிற்று. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கிரேக்கப் பெயர் குற்றத்தை அறிக்கையிடுவதால் அமைந்ததன்று, மனம் மாறுவதால் அமைந்தது என்று எடுத்துக்காட்டினான். லக்தாந்தியுஸ் 'புத்தி தெளிதல்' என்னும் பொருளுடைய வேறொரு சொல் பொருத்தமானது என்றான். இந்த எச்சரிக்கைகள் ஏறவில்லை. இயேசுவின் ஏவல் இலத்தீன் வேதத்தில் 'பெனித்தென்சியா செய்யுங்கள்' என்று ஆகிவிட, 'செய்யத்தக்க' ஒன்றாக அது ஒழுங்குபட்டது. பெரும்பாவிகள் தனி வகுப்பாராகக் கோயில் வாசலில் நின்று, நோன்பிருந்து, பெரிய வியாழக்கிழமையன்று சமரசம் பெற்று உள்ளே சேர்வது ஒரு காலத்து முறை. தெசலோனிக்கேயில் நடந்த படுகொலைக்காக 390-இல் தியோதோசியுஸ் சக்கரவர்த்தியையே மிலான் நகரத்து ஆயர் அம்புரோசியார் அவ்வரிசையில் நிறுத்தினார் என்பது அந்த முறையின் கம்பீரத்துக்குச் சான்று. பிறகு அயர்லாந்துத் துறவிகள் இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் நோன்பு என்று ஏடு எழுதினார்கள். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு கிறிஸ்தவனும் வருஷத்துக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடவேண்டும் என்று விதித்தது. இதில் பழுது மட்டுமே கண்டவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். மனிதன் தன் குற்றத்தை வாயால் சொல்லி, அதை இன்னொரு மனிதன் காதால் கேட்பது சிறிய மருந்தன்று. ஆயினும் கால் நடக்கவேண்டிய வழியை நாட்கணக்கும் காசுக்கணக்கும் அளக்கத் தொடங்கின என்பதையும் மறுக்க முடியாது.

1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ், அந்த இலத்தீன் மொழிபெயர்ப்பு பிழையென்று தம் குறிப்புரையில் காட்டினார். விட்டன்பெர்க் நகரத்து மார்ட்டின் லுத்தர் 1517-இல் எழுதிய தொண்ணூற்றைந்து வாக்கியங்களில் முதலாவது இந்தச் சொல்லைப் பற்றியதே. கிறிஸ்து இதைக் கட்டளையிட்டபோது விசுவாசியின் ஆயுள் முழுவதையுமே கருதினார் என்பது அதன் தாத்பரியம். அடுத்த ஆண்டில் தம் குருவாகிய ஸ்டௌபிட்சுக்கு எழுதிய கடிதத்தில், முன்பு வேதத்திலேயே தமக்குக் கசப்பாக இருந்த அந்தச் சொல், கிரேக்க மூலத்தின் பொருளைத் தெரிந்துகொண்ட பின்பு இனிக்கலாயிற்று என்கிறார். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த வழக்கில் முதல் மனு, ஒரு சொல்லின் பொருளைக் குறித்தது என்பதை இலக்கணம் படிப்பவர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இந்தக் காரியம் இலத்தீன் வழியில், போர்த்துக்கேசியக் கப்பலில் வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் சவேரியார் அங்கே வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாரில்லை. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் நெடுங்காலம் உழைத்து, தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் அடிகளார், 1580-இல் பாவ அறிக்கைக்கென்றே ஒரு தமிழ் நூலை அச்சேற்றினார். அதன் பெயர் 'கொம்பெசியனாயரு'. கடவுளுக்குத் 'தம்பிரான்' என்று அழகான தமிழ்ப்பெயர் தேடியவர், பாவத்தை அறிக்கையிடும் முறைக்குப் போர்த்துக்கேசியப் பெயரையே வைத்துக்கொண்டார். அது இந்நாட்டுக்குப் புதிய ஸ்தாபனம். அதற்கு நேர்ச்சொல் கண்டால் வேறு பொருள் புகுந்துவிடுமோ என்ற அச்சம் காரணமாயிருக்கலாம். பிற்காலத்துக் கத்தோலிக்கர் அதைப் 'பாவசங்கீர்த்தனம்' ஆக்கினார்கள். புகழ்பாடுதலாகிய சங்கீர்த்தனத்தைப் பாவத்தோடு சேர்த்த துணிவை என்னென்பது! ஆனாலும் சொல் நிலைத்தது. இப்போது 'ஒப்புரவு' என்னும் தூய தமிழ்ச்சொல் அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. பாவத்துக்கு வருந்தும் வருத்தத்துக்கு அவர்கள் கொண்ட பெயர் 'மனஸ்தாபம்'. கடவுள்மீது கொண்ட அன்பினால் எழுவது உத்தம மனஸ்தாபம் என்று பேர்பெற்று, அதற்கென மந்திரமும் உண்டாயிற்று. வெளியுலகத்திலோ பங்காளிகள் வரப்புத் தகராற்றில் பேசாமல் இருப்பதற்கும் மனஸ்தாபம் என்றே பெயர். நாற்பது நாள் நோன்பு தபசுகாலம் என்றும், பின்னர்த் தவக்காலம் என்றும் வழங்கிற்று. கந்தமூலம் தின்று காட்டில் இருக்கும் முனிவனுடைய தவம், கடற்கரைக் குடிசையில் மீன் விலக்கிக் கஞ்சி குடிக்கும் சம்சாரிக்கும் உரியதாயிற்று.

மதுரையில் 1606 முதல் வாழ்ந்த தத்துவபோதகராகிய ராபர்ட் தெ நொபிலிக்கு வேறொரு சங்கடம் இருந்தது. புதிதாகப் பிறத்தல் என்பது கிறிஸ்தவ வாழ்வின் மூலபாடம். யோவான் சுவிசேஷத்தில் நிக்கொதேமு என்னும் பெரியவர் இரவில் வந்து கேட்டுக் குழம்பியதும் அதுதான். ஆனால் தமிழில் மறுபிறப்பு என்றால் எவனும் கன்மத்தால் எடுக்கும் அடுத்த சரீரத்தையே நினைப்பான். நொபிலி, 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று ஒரு நூலையே எழுதி அந்தக் கொள்கையை மறுத்தார். அவர் கண்டித்த சொல்லே, பிற்காலத்துப் புராட்டஸ்டாண்டு வேதாகமத்தில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்துக்குள், ஞானஸ்நானத்தைக் குறிக்கும் 'மறுஜென்ம முழுக்கு' என்னும் தொடராக வந்து உட்கார்ந்துகொண்டது. முழுக்கு என்னும் தமிழ்ச்சொல் பக்கத்தில் இல்லாவிட்டால், படிக்கிறவன் இன்றைக்கும் திகைத்திருப்பான்.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். வேப்பேரியில் இருந்த பெப்ரீஷியஸ், ஆயுளின் பெரும்பகுதியையும் திருத்துவதிலேயே செலவழித்துப் புது மொழிபெயர்ப்பொன்றைத் தந்தார். அதன்மேல் கட்டப்பட்டு ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவெய்திய ஐக்கியப் பதிப்பே இன்றும் வீடுதோறும் இருப்பது. 'மனந்திரும்புதல்' தன் முழு அதிகாரத்தோடு நிற்பது இந்த வேதாகமத்தில்தான். கிரேக்கத்தில் 'மெத்தனோயா'வின் வினை வேறு, வருத்தப்படுவதற்கு உரிய வினை வேறு. பழைய ஆங்கில வேதாகமம் இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்துக் கலந்துவிட்டது. தமிழ் வேதாகமமோ முன்னதை மனந்திரும்புதல் என்றும் பின்னதை மனஸ்தாபப்படுதல் என்றும் பிரித்துவைத்தது. மனுஷனைப் படைத்ததற்காக ஆதியாகமத்தில் கடவுள் மனஸ்தாபப்பட்டார். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கப்போன யூதாசும் மனஸ்தாபப்பட்டான். மனந்திரும்பினான் என்று அங்கே எழுதவில்லை. அவன் காசைத்தான் திருப்பினான். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் இரண்டு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிறுத்தி, இரட்சிப்புக்குக் கொண்டுபோகும் துக்கத்தையும் மரணத்துக்குக் கொண்டுபோகும் துக்கத்தையும் வேறுபடுத்துகிறார்; அந்த நுட்பம் தமிழில் ஓர் இழையும் அறாமல் வந்திருக்கிறது. உடல் திரும்புதலைக் குறித்த அந்த மற்றொரு கிரேக்க வினைக்கு, இம்மொழிபெயர்ப்பாளர் பல இடங்களில் 'குணப்படுதல்' என்று எழுதினார்கள். பேதுரு ஆண்டவரை மறுதலித்து அழுவதற்கு முன்பே, நீ குணப்பட்டபின் உன் சகோதரரை நிலைநிறுத்து என்னும் கருத்தில் அவனுக்குச் சொல்லப்படுகிறது. குணம் என்பது நம் மொழியில் நற்பண்புக்கும் பெயர், நோய் நீங்குவதற்கும் பெயர். ஜெர்மானியர் மனந்திரும்புதலுக்கு வழங்கும் 'பூசெ' என்னும் சொல்லும், மேம்படுதலைக் குறிக்கும் அவர்கள் சொல்லும் ஒரே குடும்பத்தவை. தரங்கம்பாடிப் பாதிரிமார் அந்த உறவை எண்ணித்தான் இதை எடுத்தார்களோ, வைத்தியனுடைய வாயிலிருந்து கேட்டு எடுத்தார்களோ, எப்படியாயினும் அது நல்ல தேர்வு. யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், பேதுரு குணப்பட்டான் என்று இரண்டு வினைகளை அருகருகே வைத்தால் போதும்.

சொல் அமைந்துவிட்டது, காரியம் எப்படி நடந்தது? 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. மிஷனெரியாகிய ரேனியஸ் ஐயரிடம் பயின்றவரும், எந்த மிஷன் சங்கத்தின் சம்பளத்துக்கும் கட்டுப்படாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தவருமாகிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அதற்கு முதல்வர். ஜனங்கள் கூட்டங்களில் நடுங்கினார்கள்; மார்பில் அடித்துக்கொண்டார்கள்; மறைத்துவைத்த பாவங்களை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். தாய் தகப்பனிடமிருந்து கிறிஸ்தவத்தைச் சொத்தாகப் பெற்று, பெயரளவில் இருந்தவர்களுக்கு மத்தியில், மனந்திரும்புதல் ஞானஸ்நானத்துக்கு முன்னே நிகழ்ந்து முடிந்துவிடும் சடங்கன்று, கிறிஸ்தவனுக்கே வேண்டியது என்னும் உணர்வு அப்போது பரவிற்று. இது பெரிய லாபம். அதனோடு கூடவே ஒரு நஷ்டமும் வந்தது. எழுப்புதற் கூட்டங்களின் வழக்கில், நீர் எப்போது மனந்திரும்பினீர் என்று தேதி கேட்கும் மரபு ஒன்று வளர்ந்து, இன்ன ஊர்க் கூட்டத்தில், இன்ன பிரசங்கியார் பேசியபோது, இத்தனை மணிக்கு என்று பதில் சொல்லத் தெரியாதவன் இன்னும் இரட்சிக்கப்படாதவனாக எண்ணப்படலானான். திரும்புதல் நடையாக இருந்தது போய்க் கல்நாட்டிய இடமாக ஆயிற்று. தேதி சொன்னவன் பழைய குடிக்கோ பழைய வட்டிக் கடைக்கோ போய்விட்டால் அதற்குப் 'பின்மாற்றம்' என்று பேரிட்டார்கள். எரேமியா ஒரே வேரில் கண்ட இரண்டையும் தமிழ்ச் சபையார் இரண்டு தனிச்சொற்களில் பூட்டினார்கள்.

திரும்பாமலே நின்ற இடங்களும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது சொல்லாராய்ச்சிக்கு அழகன்று. சபைக்குள் ஜாதி வித்தியாசம் உடனே ஒழியவேண்டும் என்று 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் நிருபம் அனுப்பினார். அப்போஸ்தலருடைய நடபடிகள் மனந்திரும்புதலுக்கேற்ற கிரியைகளைக் கேட்கிறது. அந்தக் கிரியைகளுள் இது முதலாவது என்று அவர் கருதியதில் தவறென்ன? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். விக்கிரகங்களை விட்டுத் திரும்பிய மனம், ஒரே பந்தியில், ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணத் திரும்பவில்லை. கிறிஸ்தவக் கல்லறைகளில் இன்றும் சில ஊர்களில் நிற்கும் சுவர்களைப் பார்க்கிறபோது, அந்த நிருபம் இன்னும் பதில் எழுதப்படாமல் கிடக்கிறது என்றே எண்ணத் தோன்றும்.

இப்போது 'மனந்திரும்புதல்' என்பதற்கு ஒரு போட்டி எழுந்திருக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டாண்டாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறுங்கள்' என்கிறது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலிடும் குருவின் வாய்மொழியிலும் மனம் மாறுதலே வருகிறது. கிரேக்கச் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்துப் பார்ப்பவர்க்கு இதுவே நேர்ச்சொல் என்று தோன்றும். எளிமையும் இதற்கு உண்டு. ஆனாலும் எனக்கு இது நிறைவு தரவில்லை. தமிழில் சம்பந்தம் பேசி முடித்த பிறகு பெண் வீட்டார் மனம் மாறிவிட்டார்கள் என்றால், அது புகழ்ச்சியன்று. பழைய வேதாகமமே எண்ணாகமத்தில், மனம் மாறுவது மனுபுத்திரன் சுபாவம், கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர் என்னும் இடத்தில்தான் இத்தொடரை ஆள்கிறது. மாறுகிறவன் எங்கிருந்து எங்கே மாறினான் என்று மாறுதல் சொல்லாது. திரும்புதலோ, முன்பு இருந்த இடம் ஒன்று உண்டு, அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடும். இன்னொன்று: மனமாற்றம் என்னும் சொல்லுக்கும் மதமாற்றம் என்னும் சொல்லுக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். மதம் மாறுவதைக் குறித்து அரசியல் மேடைகளில் வழக்காடுகிறவர்களும் சபைக் கணக்கில் தலை எண்ணுகிறவர்களும் அந்த ஓரெழுத்தைக் கவனிப்பதில்லை. பாளையங்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கிருஷ்ண பிள்ளை, கம்பனையும் ஆழ்வார்களையும் காதில் வைத்துக்கொண்டே அதைப் பாடினார். மதம் மாறிய பலர் விட்டுவிட்ட சொத்தை, திரும்பிய அவர் விடவில்லை.

கிரேக்கக் கீழைச் சபையில் 'மெத்தனோயா' என்றே ஒரு வணக்கத்துக்குப் பெயர். நெற்றி தரையில் படும்படி விழுந்து எழுந்திருப்பது. நோன்பு நாட்களில் ஒருவர் ஒரே ஜெபத்துக்குள் பல தடவை 'மெத்தனோயா' செய்வார். எண்ணிக்கையில் வரக்கூடிய பெயராகவே அது அங்கே வழங்குகிறது. நம் நாட்டில் அதற்கு அருகே வைக்கத்தக்கது உடன்படிக்கை ஆராதனை. ஜான் வெஸ்லி 1755-இல் இலண்டனில் தொடங்கிய அந்த முறை மெதடிஸ்துகள் வழியாக இங்கே வந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின் அதனுடைய ஆராதனை முறைகளுக்குள்ளும் சேர்ந்தது. வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்த வாக்கைச் சபையார் அனைவரும் புதுப்பித்துக்கொள்கிறார்கள். ஐம்பது வருஷமாக அந்த வாக்கைப் புதுப்பித்துவரும் மூப்பரும், சென்ற மாதம் திடப்படுத்தல் பெற்ற பையனும் ஒரே வாசகத்தைச் சொல்லுகிறார்கள். ஊர் ஊராகப் போய்த் தேதி கேட்கும் பிரசங்கியாரும், அன்றைக்கு ஊரில் இருந்தால், அதே வரிசையில் முழங்காற்படியிடுகிறார்.